ஸ்பானிய வினையின் எதிர்காலம்



புதிய மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குவோர் முதலில் அஞ்சுவது வினைச்சொற்களின் அட்டவணையைக் கண்டுதான். பெயர்ச்சொற்களைப் பொருளைச் சுட்டிக் காட்டிக் கற்பித்துவிடலாம். வினைச்சொல்லோ இடத்திற்கு ஒரு வடிவம், எண்ணிற்கு ஒரு வடிவம், காலத்திற்கு ஒரு வடிவம் என்று மாறிக்கொண்டே போகும். அவ்வடிவங்களைக் கட்டம் கட்டமாக எழுதி, நாளைக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், மாணவர் இரவெல்லாம் கண்விழித்து உருப்போடுகின்றனர். தேர்வு முடிந்த மறுவாரமே அவற்றை மறந்தும் விடுகின்றனர்.

இவ்வாறு மறப்பது அவர்கள் குற்றம் அன்று. காரணம் அறியாமல் கற்றது நெஞ்சில் நிற்பதில்லை. இலக்கண அட்டவணை என்பது யாரோ ஒருவர் உட்கார்ந்து வகுத்த சட்டம் அன்று. பல நூற்றாண்டுகளாக மக்கள் பேசிப் பேசித் தேய்ந்த வாக்கியங்களின் எச்சம் அது. அந்த வாக்கியம் எது என்று தெரிந்துவிட்டால் உருப்போடும் சுமை பெரும்பாலும் குறைந்துவிடும். இதனை விளக்க நான் எடுத்துக்கொண்ட சான்று, ஸ்பானிய மொழியில் ஒழுங்கான வினைச்சொல் எதிர்காலத்தில் எவ்வாறு வரும் என்பது. ஸ்பெயின் நாட்டிலும், மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியிலும் வழங்கும் மொழி அது.

வானொலியில் கரும்பலகை இல்லை. ஆகவே நீங்கள் செவியாலேயே கற்க வேண்டும், அதுவும் நன்மைக்கே. ஸ்பானியச் சொல் ஒவ்வொன்றிலும் ஓர் அசை மற்றவற்றைவிட அழுத்தமாக ஒலிக்கும். அந்த அசையை நான் நெடிலாக நீட்டிச் சொல்வேன். மற்றவற்றைக் குறிலாகச் சொல்வேன். நெடில் கேட்கும் இடமே அழுத்தம் விழும் இடம் என்று கொள்ளுங்கள்.

அகராதியில் ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று முடிவுகளுள் ஒன்றைப் பெற்றே நிற்கும். 'அப்லார்' என்றால் பேசுதல். 'கொமேர்' என்றால் உண்ணுதல். 'பர்த்தீர்' என்றால் புறப்படுதல். நம் இலக்கணம் தொழிற்பெயர் என்று கூறுவதற்கு இவை ஏறத்தாழ ஒப்பானவை. ஆகவே அப்பெயராலேயே இவற்றை இங்கே குறிப்பிடுவேன்.

நிகழ்காலத்தில் இம்மூன்று கணங்களும் மூன்று வழியில் நடக்கும். இறுதியில் உள்ள ஆர், ஏர், ஈர் ஆகியவற்றை வெட்டிவிட்டு, எஞ்சிய பகுதியோடு அந்தந்தக் கணத்திற்குரிய விகுதியைச் சேர்க்க வேண்டும். 'பேசுகிறோம்' என்பது 'அப்லாமொஸ்'. 'உண்கிறோம்' என்பது 'கொமேமொஸ்'. 'புறப்படுகிறோம்' என்பது 'பர்த்தீமொஸ்'. கணந்தோறும் உயிரொலி மாறுவதைக் கேட்டீர்கள் அன்றோ? மாணவர் இடறி விழுவது இங்கேதான்.

எதிர்காலத்தில் இத்தொல்லை இல்லை. எதனையும் வெட்ட வேண்டா. தொழிற்பெயரை முழுமையாக அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னால் விகுதியைச் சேர்த்தால் போதும். விகுதிகள் ஆறே ஆறு. மூன்று கணத்திற்கும் அவையே. ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏய்ஸ், ஆன். இன்னும் ஒருமுறை சொல்கிறேன்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏய்ஸ், ஆன்.

'அப்லார்' என்பதனோடு இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். 'அப்லரே' என்றால் பேசுவேன். 'அப்லராஸ்' என்றால் பேசுவாய். 'அப்லரா' என்றால் பேசுவான், பேசுவாள், பேசுவார் என்னும் மூன்றும் ஆகும். ஸ்பானிய வினைமுற்று ஆண் பெண் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 'அப்லரேமொஸ்' என்றால் பேசுவோம். 'அப்லரேய்ஸ்' என்றால் பேசுவீர்கள். 'அப்லரான்' என்றால் பேசுவார்கள். 'ஆன்' என்று கேட்டவுடன் நம் ஆண்பால் ஒருமை விகுதியை எண்ணி மயங்கிவிட வேண்டா; அங்கே அது பன்மை.

இனி 'கொமேர்' என்பதை நீங்களே சொல்லிப் பார்க்கலாம். கொமெரே, கொமெராஸ், கொமெரா. கொமெரேமொஸ், கொமெரேய்ஸ், கொமெரான். 'பர்த்தீர்' என்பதும் அவ்வாறே: பர்த்திரே, பர்த்திராஸ், பர்த்திரா, பர்த்திரேமொஸ், பர்த்திரேய்ஸ், பர்த்திரான். ஆறு விகுதிகளைக் கொண்டு மூன்று கணங்களையும் கடந்துவிட்டோம்.

நம் மொழியைப் போலவே ஸ்பானியத்திலும் விகுதியே எழுவாயைக் காட்டிவிடுவதால், 'நான்', 'நீ' என்னும் சொற்களைப் பெரும்பாலும் சொல்வதில்லை. மதிப்பிற்குரிய ஒருவரை எதிரில் வைத்துப் பேசும்போது 'உஸ்தேத்' என்னும் சொல்லை ஆள்வர். அதற்குப் படர்க்கை வினையே வரும். ஆதலால் 'நீங்கள் பேசுவீர்கள்' என்று பெரியவர் ஒருவரிடம் சொல்வதற்கும் 'அப்லரா' என்பதே வடிவம். பலரை முன்னிலைப்படுத்தும்போது, அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் 'ஏய்ஸ்' என்னும் விகுதி பேச்சில் வழங்குவதில்லை. 'ஆன்' என்னும் படர்க்கைப் பன்மையே அவ்விடத்தையும் நிரப்பிவிடுகிறது. எனவே அந்நாடுகளுக்குச் செல்வோர்க்கு ஆறும் வேண்டா, ஐந்தே போதும்.

எழுத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு வடிவங்களுள் ஐந்தில் விகுதியின் உயிரெழுத்தின்மேல் சாய்ந்த கோடு ஒன்று இடுவார்கள். 'அப்லரேமொஸ்' என்பதற்கு மட்டும் அக்கோடு இல்லை. காரணம் எளிது. உயிரெழுத்திலோ, னகர ஸகர ஒலிகளிலோ முடியும் ஸ்பானியச் சொல்லில் ஈற்றயல் அசையே இயல்பாக அழுத்தம் பெறும். அவ்வியல்பு மாறி ஈற்றசை அழுத்தம் பெற்றால், அதனைக் கோடிட்டுக் காட்ட வேண்டும். 'அப்லரேமொஸ்' என்பதில் அழுத்தம் ஈற்றயலில் இருப்பதால் கோடு வேண்டியதில்லை. மற்ற ஐந்திலும் அழுத்தம் ஈற்றில் விழுகிறது. ஆதலால் கோடு இன்றியமையாதது.

சிறு கோடுதானே என்று அதனைப் புறக்கணிக்க இயலாது. 'அப்லரா' என்றால் பேசுவார். 'அப்லார' என்றால், 'அவர் பேசினால்' என்பது போன்ற நிபந்தனை வாக்கியங்களில் வரும் வேறொரு வடிவம். இரண்டிற்கும் எழுத்துகள் ஒன்றே. கோடு ஒன்றே வேறுபாடு. ஒன்று உறுதி, மற்றொன்று கற்பனை. கோட்டை விட்டுவிட்டால் கடிதம் படிப்பவர், 'வருவார் என்று எழுதியிருக்கிறாரா, வந்தால் என்று எழுதியிருக்கிறாரா' என்று திகைக்க நேரும்.

இதுவரை சொன்னது எவ்வாறு என்பது. இனி ஏன் என்பதைக் காண்போம். ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏய்ஸ், ஆன் என்னும் இவ்வாறும் எங்கிருந்து வந்தன?

ஸ்பானியத்தில் 'அபேர்' என்று ஒரு துணைவினை உண்டு. முற்காலத்தில் அதற்கு 'உடைத்தாதல்' என்பது பொருள். அதன் நிகழ்கால வடிவங்களைச் சொல்கிறேன், கூர்ந்து கேளுங்கள். ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன். எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதன்றோ? 'அபேய்ஸ்' என்பதில் முன்னுள்ள 'அப்' தேய்ந்து 'ஏய்ஸ்' ஆயிற்று; மற்ற ஐந்தும் ஒலியில் சிறிதும் மாறவில்லை. எழுத்தில் மட்டும் துணைவினையின் முன்னே ஹகரக் குறி ஒன்று நிற்கும்; அது இன்று ஒலிப்பதில்லை. ஆகவே 'அப்லரே' என்பது உண்மையில் ஒரு சொல் அன்று. இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்ட வாக்கியம். 'அப்லார்', பேசுதல்; 'ஏ', உடையேன். 'பேசுதலை உடையேன்', அதாவது 'எனக்குப் பேச வேண்டிய கடமை உண்டு' என்று சொல்லத் தொடங்கிய மக்கள், நாளடைவில் அதனையே 'பேசுவேன்' என்னும் பொருளில் வழங்கலாயினர்.

இதனைக் கண்டு சொன்னவர்களுள் முன்னோடி அந்தோனியோ தெ நெப்ரிகா என்னும் அறிஞர். கொலம்பஸ் மேற்கு நோக்கிக் கப்பல் விட்ட அதே 1492ஆம் ஆண்டில் அவர் ஸ்பானிய மொழிக்கு, அதாவது காஸ்தீலிய மொழிக்கு, இலக்கணநூல் ஒன்றை வெளியிட்டு, அரசி இசபெல்லாவிற்குக் காணிக்கை ஆக்கினார். எதிர்கால வடிவம் தொழிற்பெயரும் 'அபேர்' என்னும் வினையும் கூடியதே என்று அந்நூலில் அவர் எடுத்துக்காட்டினார்.

அவர் காலத்தில் அதனைக் காண்பது இன்றுள்ளதைவிட எளிதாகவும் இருந்தது. பழைய ஸ்பானியத்தில் இவ்விரு பகுதிகளும் இறுக ஒட்டிவிடவில்லை. நடுவே வேறு சொல் நுழைய இடம் இருந்தது. 'உன்னிடம் பேசுவேன்' என்பதை 'அப்லார் தெ ஏ' என்று சொல்ல முடிந்தது. 'தெ' என்பது உன்னை, உனக்கு, உன்னிடம் என்னும் பொருளுடைய சிறு சொல். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றியதாகக் கருதப்படும் 'சித்' என்னும் வீரனின் காவியத்தில் இத்தகைய பிரிந்த வடிவங்களைக் காணலாம். ஸ்பானியத்தில் பின்னர் இவ்வழக்கு மறைந்தது. உடன்பிறந்த மொழியாகிய போர்த்துகீசியத்திலோ உயர்ந்த எழுத்து நடையில் இன்றும் அது நிலைத்திருக்கிறது.

அப்படியானால், ஸ்பானியத்தின் தாயாகிய இலத்தீன் மொழியில் எதிர்காலமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது; ஆனால் அது ஒரே முறையில் அமையவில்லை. நான்கு வினைக்கணங்களுள் முதல் இரண்டில் ஒரு வகை. பின் இரண்டில் வேறு வகை. 'அமாபோ' என்றால் அன்பு கொள்வேன். 'ரெகம்' என்றால் ஆள்வேன். அன்றியும் காலப்போக்கில் ஒலிகள் மயங்கின. பகர ஒலியும் வகர ஒலியும் நெருங்கவே, 'அன்பு கொள்வான்' என்னும் 'அமாபித்' என்பதும், 'அன்பு கொண்டான்' என்னும் 'அமாவித்' என்பதும் செவிக்கு ஒன்றாயின. எகரமும் இகரமும் மயங்கவே, 'ஆள்வான்' என்னும் 'ரெகெத்' என்பதும், 'ஆள்கிறான்' என்னும் 'ரெகித்' என்பதும் வேறுபாடு இழந்தன. ஓரிடத்தில் எதிர்காலம் இறந்தகாலத்தோடு கலந்தது. மற்றோரிடத்தில் நிகழ்காலத்தோடு கலந்தது. நடந்துவிட்டதையும் நடக்கப்போவதையும் பிரித்துச் சொல்ல இயலாத மொழியைக் கொண்டு கடன் கொடுப்பதும் வாங்குவதும், வாக்குறுதி அளிப்பதும் எவ்வாறு இயலும்? அந்நெருக்கடியில் மக்கள் கைக்கொண்டதே 'உடையேன்' என்னும் சொல்.

இந்தப் புது வடிவம் எழுத்தில் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று சுவையானது. 7ஆம் நூற்றாண்டில் பிராங்கியர் நாட்டில் எழுதப்பெற்ற, பிரெடெகார் என்பவர் பெயரால் வழங்கும் வரலாற்றுத் தொகுப்பில் ஒரு கதை வருகிறது. பேரரசன் ஜஸ்டினியன் பாரசீக மன்னனை வென்று தன் அருகே அமர்த்தி, சில நாடுகளைத் தரும்படி கேட்கிறான். பாரசீக மன்னன் கொடுக்க மறுத்து, 'தாபோ' என்னும் பழைய இலத்தீன் எதிர்கால வினையை எதிர்மறையாக்கிச் சொல்கிறான். ஜஸ்டினியனோ 'தராஸ்' என்று புது வடிவத்தால் விடை தருகிறான். 'நீ தருவாய்; தந்தே ஆக வேண்டும்' என்பது பொருள். அதனால்தான் அவ்விடத்து நகருக்குத் தாராஸ் என்று பெயர் வந்தது என்று கதை முடிகிறது.

ஊர்ப்பெயருக்குச் சொன்ன அக்காரணம் வரலாறு ஆகாது. தாரா என்னும் கோட்டை நகரை ஜஸ்டினியனுக்கு முன்பே, 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அனஸ்தாசியுஸ் என்னும் பேரரசன் எழுப்பிவிட்டான். ஆனால் மொழி வரலாற்றிற்கு அக்கதை ஒரு புதையல். பழைய எதிர்காலமும் புதிய எதிர்காலமும் ஒரே உரையாடலில் எதிரெதிரே நிற்கின்றன. 'தருவாய்' என்பதற்கு இன்றைய ஸ்பானியச் சொல்லும் 'தராஸ்' என்பதே. அச்சொல்லில் அன்று ஒலித்த கட்டாயத்தையும் கவனியுங்கள். இனி நடக்கப்போவதை அறிவிக்கும் சொல்லாக மட்டும் அது பிறக்கவில்லை. செய்தே தீர வேண்டியதை வற்புறுத்தும் சொல்லாகப் பிறந்தது.

பழைய கடமைப் பொருளும் ஸ்பானியத்தில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. துணைவினையை முன்னே வைத்து, இடையில் 'தெ' என்னும் இணைப்புச் சொல்லை இட்டு, 'ஏ தெ அப்லார்' என்று சொன்னால், 'நான் பேச வேண்டும்' என்று பொருள். முன்பு கண்ட 'தெ' வேறு, இது வேறு. அதே துணைவினை பின்னே சென்று ஒட்டினால் 'அப்லரே', பேசுவேன். முன்னே நின்றால் கடமை; பின்னே நின்றால் எதிர்காலம். ஆங்கிலம் கற்ற உங்களுக்கு இதில் வியப்பு வேண்டா. அம்மொழியில் எதிர்காலம் காட்டும் 'ஷல்' என்னும் சொல் தொடக்கத்தில் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள்பட்டது. 'வில்' என்னும் சொல் 'விரும்புகிறேன்' என்று பொருள்பட்டது. வராத நாளை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆகவே அதனைப் பற்றிப் பேச, கடமையிலிருந்தோ விருப்பத்திலிருந்தோ மனிதன் சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

இப்பிறப்பை அறிந்தால், இவ்வடிவத்தின் பிற பயன்களும் எளிதில் விளங்கும். விவிலியத்தின் பத்துக் கட்டளைகள் ஸ்பானியத்தில் எதிர்கால வினையாலேயே சொல்லப்படுகின்றன. 'கொல்வாய்' என்னும் பொருளுடைய 'மதராஸ்' என்பதன் முன்னே எதிர்மறைச் சொல்லை இட்டுவிட்டால், கொலையை விலக்கும் ஆணை பிறந்துவிடும். வேண்டியதையும் வேண்டாததையும் ஆணையிட, கடமையிலிருந்து பிறந்த வடிவம் பொருந்துவது இயல்பே.

இன்னொரு பயன் ஊகம். மணி என்ன என்று கேட்டால் நாம், 'மூன்று இருக்கும்' என்கிறோம். இருக்கும் என்பது எதிர்கால வினை. ஆனால் நாம் சொல்வது இந்த நொடியைப் பற்றி. உறுதியாகத் தெரியாததனால் எதிர்காலத்தைத் துணைக்கு அழைக்கிறோம். ஸ்பானியரும் அப்படியே செய்வர். 'இருத்தல்' என்னும் 'செர்' வினையின் எதிர்காலமாகிய 'செரான்' என்பதை இட்டு, 'மூன்று இருக்கும்' என்பார்கள். 'அவர் இப்போது வீட்டில் இருப்பார்' என்று நாம் ஊகித்துச் சொல்வது போலவே, அவர்களும் 'எஸ்தரா' என்னும் எதிர்கால வினையால் சொல்வார்கள். ஆங்கில வழியாக ஸ்பானியம் கற்போர் இதனை ஒரு தனி விதியாகப் பாடம் செய்ய வேண்டியிருக்கும். தமிழ் மாணவர்க்கு அத்தேவை இல்லை. தாய்மொழி முன்பே கற்றுக் கொடுத்திருக்கிறது.

சற்று முன் சொன்ன 'செர்' என்பது நிகழ்காலத்தில் மிகவும் முரண்டு பிடிக்கும் வினை. 'போதல்' என்னும் பொருளுடைய 'ஈர்' என்பதும் அப்படியே. எதிர்காலத்திலோ அவை சாதுவாகிவிடுகின்றன: செரே, இருப்பேன்; இரே, போவேன். எதிர்காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் ஏறத்தாழ ஒரு பன்னிரண்டே. அவற்றிலிருந்து ஆக்கப்பட்ட கூட்டுவினைகளும் அவற்றின் வழியிலேயே செல்லும். அவற்றிலும் முற்பகுதிதான் குறுகும் அல்லது திரியும். விகுதி ஒருபோதும் மாறாது. 'தெனேர்' என்பது 'தெந்த்ரே' என்றாகும். 'அசேர்' என்பது 'அரே' என்று சுருங்கும். அடிக்கடி கைபடும் நாணயம் விரைவில் தேய்வது போல, அன்றாடம் புழங்கும் சொற்களே இவ்வாறு தேய்ந்தன. இவற்றைப் பழக்கத்தால் அறியலாம்.

இனி ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்று ஸ்பானியம் பேசும் மக்கள், சிறப்பாக அமெரிக்கக் கண்டத்து மக்கள், அன்றாடப் பேச்சில் 'அப்லரே' என்பதைவிட மற்றொரு வடிவத்தையே மிகுதியாக ஆள்கின்றனர். 'போகிறேன்' என்னும் வினையோடு தொழிற்பெயரைச் சேர்த்து, 'பேசப் போகிறேன்' என்கின்றனர். நாமும் அவ்வாறே சொல்கிறோம் அன்றோ? அம்மொழியில் 'போகிறேன்' என்பதன் ஒலி நம் 'போய்' என்னும் எச்சத்தைப் போலவே இருப்பது தற்செயலான ஒரு வேடிக்கை. உறவு ஒன்றும் இல்லை. நினைவில் வைக்க மட்டும் அது உதவும்.

ஒட்டிப்போன பழைய வாக்கியம் ஒன்று விகுதியாகி ஓய்வு கொள்ளும்போது, புதிய வாக்கியம் ஒன்று அதன் வேலையை மேற்கொள்ளத் தொடங்குகிறது. 'உடையேன்' என்றவர்களின் வழிவந்தோர் 'போகிறேன்' என்கின்றனர். மொழி நம் கண்முன்னே இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

மாணவர்களே, ஒரு பகுதி, ஆறு விகுதிகள், அவற்றுக்குப் பின்னே ஒரு துணைவினை: ஸ்பானிய எதிர்காலத்தில் நீங்கள் கற்க வேண்டியது இவ்வளவே. எழுத்தில் ஐந்து கோடுகளை மறவாதீர்கள். இனி எந்த மொழியில் எந்த அட்டவணையைக் கண்டாலும் உடனே உருப்போடத் தொடங்காதீர்கள். இது முன்பு எந்த வாக்கியமாக இருந்தது என்று முதலில் கேளுங்கள். எல்லா இடத்திலும் விடை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கிடைத்த இடத்தில் நினைவாற்றலின் பாரத்தைப் பகுத்தறிவு சுமந்துகொள்ளும். 'அப்லரே' என்று நீங்கள் சொல்லும்போது, 'பேசும் கடமை எனக்கு உண்டு' என்று என்றோ ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்கள். நாளை செய்வேன் என்று சொல்வது இன்றே ஒரு கடமையை ஏற்பது என்பதை அச்சொல் தன் விகுதியிலேயே பொதிந்து வைத்திருக்கிறது.